இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?



பங்குனி பிறந்தால் போதும், நமக்கு ஒரே மாதிரியான போட்டோக்கள் வரத் தொடங்கிவிடும். படத்தில் ஒரு செம்பருத்திக் கிளை. நுனி முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கும். இலை சுருண்டு, மொட்டு விரியாமல் கூம்பிப்போய் நிற்கும். கீழே ஒரே ஒரு கேள்வி: "இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?"

தாம்பரத்திலிருந்தும் வருகிறது, தஞ்சாவூரிலிருந்தும் வருகிறது. வாடகை வீட்டு பால்கனியில் ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவரும் கேட்கிறார். கொல்லையில் ஆள் உயரத்துக்கு வேலியாகவே வளர்த்திருப்பவரும் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதைவிட இந்த மாதப் பக்கத்தையே அதற்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியை முதலில் சற்று மாற்றிக் கேட்போமா? "என்ன மருந்து?" என்பதற்கு முன்னால் "என்ன பூச்சி?" என்று கேட்க வேண்டும் அல்லவா? அதைவிட முன்னால் இன்னொன்றும் இருக்கிறது: "இது என்ன செடி?"

செம்பருத்தி நம் வீடுகளில் வெறும் அழகுச் செடியா? காலையில் பறித்துச் சாமி படத்துக்கு வைக்கிறோம். இலையை அரைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளிக்கிறோம். பூவைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சி பாட்டிலில் ஊற்றி வைக்கிறோம். இதழைக் கொதிநீரில் போட்டு, எலுமிச்சை பிழிந்து டீயாகக் குடிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். குழந்தைகள் கேட்கவே வேண்டாம், பூவைப் பிய்த்து அடியில் இருக்கும் தேனை உறிஞ்சிவிட்டுத்தான் மறுவேலை.

ஆக, இது வீட்டுக்குள் வருகிற செடி. தலைக்கும் வருகிறது, வாய்க்கும் வருகிறது. கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் என்ன ஜாக்கிரதை காட்டுவோமோ அதே ஜாக்கிரதை இதற்கும் வேண்டும். மருந்துக் கடையில் போய், "சும்மா பூச்செடிக்குத்தாங்க, எதுனா ஸ்ட்ராங்கா குடுங்க" என்று கேட்கிறோமே, அங்கேதான் பிசகு ஆரம்பிக்கிறது.

ஸ்ட்ராங்காக அவர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் சிஸ்டமிக் மருந்தாக இருக்கும். செடி அதை உறிஞ்சிக்கொள்ளும். சாறோடு சாறாக இலைக்கும் மொட்டுக்கும் பூவுக்கும் அது போகும். மேலே படிந்ததைக் கழுவலாம். உள்ளே ஓடுவதை எப்படிக் கழுவுவது? அந்தப் பூவைத்தானே நாளைக்கு எண்ணெயில் காய்ச்சப் போகிறோம்?

சரி, பூச்சிக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பும் படங்களில் பத்துக்கு எட்டில் இருப்பது மாவுப்பூச்சி. கிளை நுனியிலும், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலும், மொட்டின் அடியிலும் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும். குச்சியால் அந்தப் பஞ்சை விலக்கினால் உள்ளே அரிசி நொய் அளவில், மெல்ல நகரும் பூச்சி தெரியும். அதிகம் போனால் 3 மில்லிமீட்டர் நீளம். மேலே பூசியிருக்கும் மாவு ஒருவகை மெழுகு. தண்ணீரும் மருந்தும் உடம்பில் ஒட்டாமல் வழிந்துபோவது அந்த மெழுகால்தான். "அடிச்சு அடிச்சுப் பார்த்தாச்சு, போகவே மாட்டேங்குது" என்று எழுதுகிறீர்களே, அதற்குப் பாதிக் காரணம் இது.

மீதிப் பாதி முட்டை. செம்பருத்தியைத் தாக்கும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியில் ஒரு பெண்பூச்சி பஞ்சுப் பைக்குள் 150 முதல் 600 முட்டை வரை இடும். வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். இன்றைக்கு அடிக்கிற எந்தக் கரைசலும் அந்தப் பைக்குள் இருக்கும் முட்டையை முழுதாகத் தொடாது. அடுத்த வாரம் குஞ்சு வெளியே வரும். அப்போது நாம் "போன வாரம்தானே அடிச்சோம்" என்று இருந்துவிடுவோம்.

எல்லா மாவுப்பூச்சியும் ஒன்றல்ல. நசுக்கினால் இளஞ்சிவப்பாகச் சாறு வந்தால், செம்பருத்தியின் பழைய எதிரியான இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. அது சாறு உறிஞ்சும்போது எச்சிலோடு சேர்ந்து போகும் நச்சால்தான் இலைகள் சுருங்கி, நுனி கொத்துக் கொத்தாக முறுக்கிக்கொள்கிறது. சாறு மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். சின்ன மூடியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றி நாலு பூச்சியை அதில் போட்டு வைத்தால், பப்பாளி மாவுப்பூச்சி என்றால் ஓரிரு நாளில் நீலம் கலந்த கறுப்பாக மாறிவிடும். பூச்சியியல் படித்தவர்களே பயன்படுத்தும் அடையாளம்தான் இது.

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. அந்தப் பப்பாளி மாவுப்பூச்சிக்குப் பின்னால் நம் ஊர் கதை ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் மருந்து பாட்டிலை எடுக்கிற கை கொஞ்சம் யோசிக்கும்.

இந்தப் பூச்சியின் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம். 1998-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது பப்பாளியில் அல்ல, செம்பருத்தியில்! பத்து வருடம் கழித்து, 2008 ஜூலையில் கோயம்புத்தூரில் அது இருப்பது தெரியவந்தது. அதற்குப் பிறகு கொங்கு மண்டலம் பட்ட பாட்டை அந்தப் பக்கத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பப்பாளி மரங்கள் வெள்ளையடித்தாற்போல் நின்றன. ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி போனது. திருப்பூர், ஈரோடு பக்கம் மல்பெரி போனது.

மல்பெரிக்காரர்கள் நிலைமைதான் ரொம்பவும் இக்கட்டு. மருந்து அடிக்காவிட்டால் இலை இல்லை. அடித்த இலையைப் போட்டாலோ பட்டுப்புழு செத்துப்போகும். என்ன செய்வார்கள்? மற்றப் பயிர்க்காரர்கள் மாற்றி மாற்றி மருந்து அடித்துப் பார்த்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருந்த பூச்சி சில நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். வேலியோரத்தில் இருந்த துத்தியிலும் பார்த்தீனியத்திலும் வீட்டுச் செம்பருத்தியிலும் அது பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருந்தது. வயலில் அடிக்கிற மருந்து வேலிக்கு எங்கே போகும்?

தீர்வு கடைசியில் ஒரு குளவி வடிவத்தில் வந்தது. குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்காதீர்கள். இது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பெயர் அசிரோபேகஸ் பப்பாயே. அமெரிக்க வேளாண் துறையினர் போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்துவந்த இந்தக் குளவியையும், இதன் உறவுக் குளவிகள் இரண்டையும் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆராய்ச்சி மையம் 2010-ல் வரவழைத்தது. மற்றப் பூச்சிகளுக்குத் தீங்கு வராது என்று சோதித்துப் பார்த்த பிறகு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது.

குளவி செய்கிற வேலை எளிது. மாவுப்பூச்சியின் குஞ்சைத் தேடிப் பிடித்து அதன் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கிற புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்த்து, அதன் தோலில் ஓட்டை போட்டு, புதுக் குளவியாக வெளியே வரும். மெழுகு அதை ஒன்றும் செய்வதில்லை. வேலி, வயல், மொட்டை மாடி என்ற வித்தியாசமும் அதற்கு இல்லை. விட்ட இடங்களில் எல்லாம் சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கிப்போனது. மருந்து முடிக்காத வேலையைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓர் உயிர் முடித்தது.

அந்தக் குளவி இன்னும் நம் நடுவில்தான் இருக்கிறது. உங்கள் தெருவிலேயேகூட இருக்கலாம். இப்போது சொல்லுங்கள்: செம்பருத்தி முழுக்க ஸ்ட்ராங் மருந்தை அடித்தால் முதலில் சாவது மெழுகு பூசிய மாவுப்பூச்சியா, மெழுகு இல்லாத குளவியா?

படங்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைபதைக்கிற இடம் ஒன்று உண்டு. சிலர், "இந்தச் சனியன் பெருசா வளர்ந்துடுச்சு, பாருங்க" என்று ஒரு வெள்ளைப் பூச்சியைப் பெரிதாக்கி அனுப்புகிறார்கள். உடம்பு முழுக்க நீள நீளமாக வெள்ளை மெழுகுச் சடை. மாவுப்பூச்சியைப்போல மூன்று நான்கு மடங்கு பெரிசு. பார்த்தால் மாவுப்பூச்சியின் தலைவன்தான் என்று தோன்றும்.

அது மாவுப்பூச்சியே இல்லை. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு! கிரிப்டோலீமஸ் என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இதை 1898-லேயே, காபித் தோட்டப் பூச்சிகளுக்காக, இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இதன் புழு வெள்ளைச் சடையோடு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள்ளேயே உலவிக்கொண்டு அவற்றைத் தின்னும். வளர்ந்த வண்டு கறுப்பு முதுகும் ஆரஞ்சு நிறத் தலையுமாக, மிளகைவிடச் சிறியதாக இருக்கும். இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் பூசணிக்காயில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதைத் தீனியாகப் போட்டு இந்த வண்டைப் பெருக்குகிறார்கள்.

அடையாளம் எப்படி? தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி சோம்பேறி, நகர்ந்தும் நகராமலும் இருக்கும். பொறிவண்டுப் புழு விறுவிறுவென்று ஓடும். பெரிதாக, சடையோடு, வேகமாக ஓடுகிற வெள்ளையைக் கண்டால் கும்பிடு போட்டுவிட்டு ஸ்ப்ரே பாட்டிலைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்து, எறும்பு. "செடியில எறும்பு ஏறுது, அதனால பூச்சி வந்துடுச்சா, பூச்சி வந்ததால எறும்பு ஏறுதா?" என்று மதுரை வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இரண்டும் உண்மைதான். மாவுப்பூச்சியும் அசுவினியும் செடியின் சாற்றை அளவுக்கு மீறி உறிஞ்சும். மிஞ்சிய சர்க்கரையைப் பின்னால் பிசுபிசுவென்று வெளியே விடும். எறும்புக்கு அது தித்திப்பு. மாடு வைத்திருப்பவர் பாலுக்காக மாட்டைப் பார்த்துக்கொள்வதுபோல, எறும்பு அந்தப் பூச்சிகளைப் பார்த்துக்கொள்ளும். பொறிவண்டும் குளவியும் வந்தால் விரட்டும். குஞ்சுகளைக் கவ்விக்கொண்டுபோய்ப் புது இடத்தில் விடுவதும் உண்டு.

இலைமேல் கரி பூசினாற்போல் இருக்கிறது என்கிறீர்களே, அதுவும் அந்தப் பிசுபிசுப்பின்மேல் வளரும் கரும்பூசணம்தான். தனி நோய் அல்ல. பூச்சி போனால் அதுவும் போகும்.

அதனால் மாவுப்பூச்சிக்கு வைத்தியம் தொடங்க வேண்டிய இடம் எறும்பு ஏறும் பாதை. தொட்டி என்றால், ஒரு அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வந்துவிடும். தரையில் நிற்கும் செடி என்றால், அடித்தண்டில் அகலமான டேப்பைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினால் போதும். பட்டையின்மேல் நேராகத் தடவாதீர்கள். சுவரையோ கொடிக்கம்பியையோ தொட்டுக்கொண்டிருக்கும் கிளையைக் கழித்துவிடுங்கள், எறும்புக்கு அது பாலம்.

எறும்பு நின்ற பிறகு, தயங்காமல் கத்தரியை எடுங்கள். முறுக்கிப்போன நுனிகளை வெட்டித்தான் ஆக வேண்டும். "மொட்டு இருக்கே" என்று மனசு கேட்காது. அந்த மொட்டு விரியப்போவதில்லை. வெட்டினால் பக்கக் கிளை விட்டு, இரண்டு மாதத்தில் செம்பருத்தி இன்னும் அடர்த்தியாகப் பூக்கும்.

வெட்டியதை என்ன செய்கிறீர்கள் என்பது முக்கியம். மதில் சுவருக்கு அந்தப்புறம் வீசுகிறவர்கள் அநேகம். அங்கிருந்து பக்கத்து வீட்டுச் செம்பருத்திக்கு எத்தனை தூரம்? காற்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், இரண்டு வாரத்தில் திரும்பி நம் வீட்டுக்கே வரும். சோப்புத் தண்ணீர் வாளியில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டுவிட்டுக் குப்பையில் போடுங்கள். கையையும் கத்தரியையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும்.

மிச்சமிருப்பதற்குத் தண்ணீர். ஆம், வெறும் தண்ணீர்! ஹோஸ் பைப்பின் நுனியை விரலால் அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி பீய்ச்சி அடியுங்கள். பிடி தவறி விழுந்த மாவுப்பூச்சிகளில் பெரும்பாலானவை மறுபடி ஏறி வராது. மழைக்காலத்தில் இந்தத் தொல்லை குறைவதற்கு ஒரு காரணம் இதுவே. வெயில் காலத்தில் மழை செய்யாததை நாம் செய்கிறோம், அவ்வளவுதான்.

அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் கலப்பதற்காக 2 மில்லி சோப்புத் திரவமும் சேர்த்து, நன்றாகக் குலுக்கி உடனே அடியுங்கள். சோப்பு மெழுகைக் கரைக்கும், வேப்பெண்ணெய் பூச்சியின் சாப்பாட்டையும் வளர்ச்சியையும் கெடுக்கும். சாயங்காலம் அடிப்பதுதான் நல்லது. வெயிலில் அடித்தால் இலை கருகும், காலையில் அடித்தால் தேனீ வரும். செடிக்கு முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, நாலைந்து இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு முழுச் செடிக்கும் போங்கள். சாமிக்கும் சமையலுக்கும் பறிக்க வேண்டிய பூக்களை அடிப்பதற்கு முன்பே பறித்துவிடலாம்.

வாரம் ஒருமுறை, நாலு வாரம். முட்டைக் கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒருமுறை அடித்துவிட்டு "வேப்பெண்ணெய் எல்லாம் வேலைக்காகாது" என்று எழுதாதீர்கள்.

ஒற்றைத் தொட்டிக்காரர்களுக்கு இத்தனை ஏற்பாடும் வேண்டாம். காது குடையும் பஞ்சுக் குச்சியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்துப் பூச்சிமேல் தொட்டுவைத்தாலே போதும். டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம்.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசல் பற்றியும் கேட்கிறீர்கள். மாடித்தோட்டக்காரர்கள் மத்தியில் அதற்கு நல்ல பேர் இருக்கிறது. நான் அதற்கு விரோதி இல்லை. ஆனால் மெழுகு மூடிய மாவுப்பூச்சி விஷயத்தில் சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அது கூடுதலாக ஒன்றும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. மிளகாய்க் கை கண்ணில் பட்டால் அவஸ்தை நமக்கு. யூடியூபில் சிலர் பாத்திரம் கழுவும் திரவத்தை அரை டம்ளர் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இலையே வெந்துபோகும்.

மற்றப் பூச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொட்டின் கழுத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக ஒட்டியிருந்தால் அசுவினி. ஆண் துணை இல்லாமலே பெண் குட்டி போடும் ரகம், அதனால்தான் ஒரே வாரத்தில் மொட்டு மறைகிற அளவுக்குப் பெருகுகிறது. தண்ணீர் பீய்ச்சினாலே போய்விடும். கூட்டத்துக்கு நடுவில் உப்பிப்போய், தவிட்டு நிறத்தில் அசையாமல் இருக்கும் அசுவினிகளைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், குளவி ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது.

இலையைத் தொட்டதும் வெள்ளையாகச் சிறு ஈக்கள் பறந்தால் வெள்ளை ஈ. இலையடியில் வட்டம் வட்டமாகச் சுழித்து வெள்ளைக் கோலம் போட்டிருந்தால் சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சித் தென்னைகளில் புதிதாக ஒரு வகை வந்து பெரும் பாடுபடுத்தியதே, அந்தக் குடும்பம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும். கரும்பூசணம் கனமாகப் படிந்திருந்தால் லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சி, ஆறிய கரைசலை அடித்தால் காய்ந்து ஏடாக உரிந்து விழும்.

இலை பீடி சுற்றினாற்போல் சுருண்டு, உள்ளே எச்சமும் பச்சைப் புழுவும் இருந்தால் இலைச்சுருட்டுப் புழு. கையாலேயே இலையோடு பறித்துப் போட்டுவிடலாம், மருந்தே தேவையில்லை. சிவப்பும் கறுப்புமாக, ஒன்றோடொன்று பின்பக்கம் ஒட்டியபடி இரட்டையாகத் திரியும் பூச்சிகள் பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சிகள். சோப்புத் தண்ணீர் டப்பாவை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள், விழுந்துவிடும்.

இத்தனையும் ஏன் செம்பருத்திக்கு மட்டும் வருகின்றன? அதற்கு மட்டும் இல்லை. பருத்தி, வெண்டை, புளிச்சகீரை, பூவரசு, துத்தி எல்லாம் இதன் சொந்தக்காரர்கள்தான். ஒரு வீட்டுக்குள் நுழைந்த பூச்சிக்குச் சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் திறந்த கதவு. மாடியில் வெண்டை போட்டிருப்பவர்கள் செம்பருத்தித் தொட்டியைச் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர்ப் பக்கத்து வாசகர்கள் வாசலில் உயரமாக வளர்க்கிறீர்களே ஹாலிஹாக், அதுவும் இந்தக் குடும்பமே. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் மேலே சொன்னதே போதும். ஆனால் ஹாலிஹாக் இலையடியில் ஆரஞ்சு நிறத்தில் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் அது பூச்சி அல்ல, துருநோய் என்னும் பூஞ்சை. அதற்குப் பூச்சி மருந்து அடித்துப் பயனே இல்லை. அடி இலைகளைப் பறித்து அப்புறப்படுத்தி, தண்ணீரை இலைமேல் படாமல் வேரில் ஊற்றினால் கட்டுக்குள் இருக்கும். இலை மங்கி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். அதற்கு எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை. வறட்சிதான் அதற்குக் கொண்டாட்டம். இலையடியை அடிக்கடி நனைத்தால் அடங்கும்.

பூச்சியே இல்லாமலும் மொட்டு உதிரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கத்தரி வெயிலில் சின்னத் தொட்டி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். சாயங்காலம் ஊற்றிவிட்டு, "தண்ணி ஊத்தத்தானே செய்றேன்" என்பீர்கள். மொட்டு அதற்குள் முடிவு எடுத்திருக்கும். எடுத்த எடுப்பில் மருந்துக்குப் போகாமல் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று யூரியா. நிறையப் பூக்க வேண்டும் என்று கைப்பிடி கைப்பிடியாகப் போடுகிறோம். தளதளவென்று இளந்துளிர் விடும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதைவிட விருந்து கிடையாது. தொழு உரமும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் போதும். நர்சரியிலிருந்து வாங்கிவரும் புதுச் செடியையும் நேரே கூட்டத்தில் வைக்காமல் இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள்; பாதிப் பூச்சி நம் வீட்டுக்கு அப்படித்தான் வருகிறது.

கடைசியாக ஒன்று. இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு வழக்கம் பார்க்கிறேன். தோட்ட வேலைக்கு வருகிறவர் வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் கொண்டுவந்து, "இதுல ரெண்டு மூடி கலந்து அடிங்கம்மா" என்று கொடுத்துவிட்டுப் போகிறார். நல்ல மனசோடுதான் கொடுக்கிறார். பாட்டிலில் பெயர் இல்லை, அளவு இல்லை, எச்சரிக்கை இல்லை. அது போய் பால்கனி அலமாரியில் உட்காருகிறது.

2013 ஜூலையில் பீகாரில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சி மருந்து கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. விஷம் இருந்த பாத்திரத்தில் சாப்பாட்டுப் பொருளோ, சாப்பாட்டுப் பொருள் இருந்த பாத்திரத்தில் விஷமோ போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? ஒரு செம்பருத்திச் செடிக்காக அந்த ஆபத்தை வீட்டுக்குள் விட வேண்டுமா? பாட்டிலில் ஊற்றித் தரும் மருந்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் இன்றைக்கே பூட்டி வையுங்கள். சிங்க்கில் மட்டும் கொட்டிவிடாதீர்கள். பக்கத்து வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கேட்டு அவர்கள் சொல்கிறபடி அப்புறப்படுத்துங்கள்.

எதற்கும் அடங்காத அளவுக்கு மோசமாகத் தாக்கப்பட்ட செடி என்றால், அடியோடு வெட்டி எடுத்துவிட்டு, மழைக்காலத்தில் ஒரு பதியனை நட்டுக்கொள்வது மேல். செம்பருத்தி என்ன கிடைக்காத செடியா? அடுத்த வீட்டில் ஒரு குச்சி கேட்டால் யார் இல்லை என்பார்கள்?

சந்தேகம் தீராதவர்கள் படம் அனுப்புங்கள், கட்டாயம் பதில் எழுதுகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள்: மேலிருந்து எடுத்த படம் வேண்டாம். இலையைத் திருப்பிப் பிடித்து, அடிப்பக்கம் தெரிய, கிட்டத்தில் ஒன்று. கிளையின் நுனி ஒன்று. தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று தெரியும்படி ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் என்ன பூச்சி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நசுக்கிப் பார்த்தபோது சாறு என்ன நிறம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்